கோடரியைக் கீழே வைக்கும் உரிமை

சென்ற வைகாசிப் பௌர்ணமிக்கு முந்திய ஞாயிறன்று நம் சங்கத்தின் வாசக வட்டத்தில் இளைஞர் ஒருவர் அமெரிக்கக் கவிஞர் கேரி ஸ்நைடரைப் பற்றி உரை நிகழ்த்தினார். மரம் வெட்டியும், மலைப்பாதைக்குக் கல் அடுக்கியும், கப்பலின் எந்திர அறையில் எண்ணெய் துடைத்தும் உழைத்துக்கொண்டே பௌத்த தியானம் பயின்றவர் அவர் என்று விரிவாகக் கூறினார். ஜப்பானிய மடங்களில் பிக்குகள் தாமே முற்றம் பெருக்கிக் கழிப்பிடமும் கழுவுவதை எடுத்துக்காட்டி, நம் விகாரையையும் அங்கத்தினர் அனைவரும் முறைவைத்துத் துப்புரவு செய்யலாகாதா என்று ஒரு யோசனையும் வைத்தார். பலரும் கை தட்டினர். அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். நகர சுத்தித் தொழிலில் முப்பத்தோராண்டு உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். கூட்டங்களில் பேசும் வழக்கமில்லாதவர்.

"தம்பி, அந்தக் கவிஞர் ஒருநாள் கோடரியைக் கீழே வைத்துவிட்டுக் கப்பலேறினார் என்றாய். அவர் கீழே வைத்த கோடரியை எடுத்துக்கொள்ள அவருடைய மகனைக் கூப்பிட்டார்களா?" என்று கேட்டார்.

தாம் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டவர்கள், அந்த மாலை வாடுமுன்பே, 'உமக்கு ஆண்பிள்ளை உண்டல்லவா, எப்பொழுது அனுப்புகிறீர்?' என்று கேட்டதையும் அவர் சொன்னார். பிறகு உட்கார்ந்துவிட்டார். உரையாற்றிய இளைஞர் விடை சொல்லவில்லை. நமக்கும் அன்று விடை கிடைக்கவில்லை. அக்கேள்வியைப் பல நாள் மனத்தில் வைத்திருந்து, கவிஞரின் நூல்களையும் மீண்டும் எடுத்துப் பார்த்தபின் இதை எழுதத் துணிந்தோம்.

முதலில் அம்மனிதரைப் பற்றி நேர்மையாகச் சொல்லவேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளை பொழுதுபோக்காகக் கோடரி பிடித்த கதையன்று அவர் கதை. 1930-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். அமெரிக்காவைப் பெரும் பொருளாதாரச் சரிவு வாட்டிய காலம் அது. குடும்பம் வடக்கே வாஷிங்டன் மாநிலத்துக்குப் பெயர்ந்து, சியாட்டில் நகரை அடுத்த ஒரு சிறு நிலத்தில் சில பசுக்களையும் கோழிகளையும் வைத்துக்கொண்டு பிழைத்தது. பாட்டனார் தொழிலாளர் இயக்கத்தின் மேடைப் பேச்சாளர். ஏழு வயதில் கால்கள் தீயில் வெந்து பல மாதங்கள் படுக்கையில் கிடந்த சிறுவனுக்குப் பெற்றோர் பொது நூலகத்திலிருந்து புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்தனர். படிப்புப் பழக்கம் அவ்வாறு வந்தது என்று அவரே கூறியிருக்கிறார்.

சமயத்தைப் பற்றிய அவருடைய முதல் ஐயமும் அந்த மாட்டுக்கொட்டிலில் பிறந்ததுதான். தான் வளர்த்த கிடாரிக்கன்று இறந்தபோது, அது சுவர்க்கம் போகுமா என்று ஞாயிறு பள்ளியில் கேட்டான் சிறுவன். போகாது என்று விடை வந்தது. அப்படியானால் இவ்விடம் நமக்கு உரியதன்று என்று அவன் வெளியேறிவிட்டான். சிறு நிகழ்ச்சிதான். ஆனால் ஒரு மதத்தின் வாயிலில் யாருக்கு இடமில்லை என்று கேட்டு, அவ்விடையைக் கொண்டே அம்மதத்தை எடைபோடும் வழக்கம் நமக்கும் உண்டாகையால், இதைப் படித்தபோது அச்சிறுவன்மேல் நமக்கு ஒரு பாசம் ஏற்பட்டது என்பதை மறைப்பானேன்?

போர்ட்லாந்து நகரின் ரீட் கல்லூரியில் மானிடவியலும் இலக்கியமும் பயின்று 1951-இல் பட்டம் பெற்றார். பட்டத்துக்கு எழுதிய ஆய்வு, வடமேற்குக் கடற்கரையின் ஹைடா பழங்குடியினருடைய ஒரு தொன்மக் கதையைப் பற்றியது. மேற்படிப்பைப் பாதியில் விட்டுக் கலிபோர்னியாவின் பெர்க்லி சென்று சீனமும் ஜப்பானியமும் கற்கத் தொடங்கினார். கோடைதோறும் உடலுழைப்பு. 1952-இலும் 1953-இலும் வாஷிங்டன் மாநில மலைமுகடுகளில் தனிக் குடிசையில் தங்கிக் காட்டுத்தீ எழுகிறதா என்று பார்க்கும் காவல் வேலை செய்தார். 1954-இல் அவ்வேலை அவருக்கு மறுக்கப்பட்டது. இடதுசாரி என்று ஐயப்பட்டவர்களையெல்லாம் அரசாங்கம் பட்டியலிட்ட காலம் அது. அவர் முன்பு சேர்ந்திருந்த கடற்றொழிலாளர் சங்கமும் ஐயத்துக்கு உட்பட்டிருந்தது. ஆகவே அவ்வாண்டு வெட்டிய மரங்களுக்கு இரும்புக் கயிறு மாட்டும் வேலைக்குப் போனார். வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் பழங்குடியினர் ஒதுக்கு நிலத்தில் நடந்த வேலை அது, ஆபத்து மிக்கது.

1955-இல் யோசெமிட்டி மலைக்காட்டில் பாதை அமைக்கும் கூட்டத்தில் சேர்ந்தார். செங்குத்தான பாறைச் சரிவில் குதிரைகளின் குளம்பு வழுக்காதபடி கருங்கற்களை ஒன்றோடொன்று பொருந்த வைத்துப் பதிக்கவேண்டும். அவ்வாறு பதித்த கல்வரிசைக்கு ஆங்கிலத்தில் 'ரிப்ராப்' என்று பெயர். 1959-இல் வெளிவந்த அவருடைய முதல் நூலுக்கும் அதுவே பெயர். பகலெல்லாம் கல்லைத் தூக்கிப் பொருத்திப் பழகிய கையின் கதியே தம் கவிதையின் கதியாயிற்று என்று அவர் விளக்கியிருக்கிறார். குறுகிய சொற்கள், இடையில் நிறைய மௌனம், அணியலங்காரம் மிகக் குறைவு. அந்நூலைப் பேராசிரியருக்கோ புரவலருக்கோ அவர் படைக்கவில்லை. காட்டிலும் கடலிலும் தம்மோடு வேலை செய்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி அவர்களுக்கே படைத்தார். எழுத்தாளர் பலரிடம் நாம் காணாத மரியாதை இது.

அவ்வாண்டே அக்டோபர் 7-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவின் சிக்ஸ் காலரி என்ற ஓவியக்கூடத்தில் நடந்த கவியரங்கு அமெரிக்க இலக்கிய வரலாற்றில் புகழ் பெற்றது. ஆலன் கின்ஸ்பர்க் தம் நெடுங்கவிதையைப் படித்ததும் அங்கேதான். ஸ்நைடர் படித்ததும் அங்கேதான். மூன்றாண்டு கழித்து ஜாக் கெரோவாக் எழுதிய நாவல் ஒன்றில் ஸ்நைடரின் சாயலில் ஒரு பாத்திரம் உலவிற்று. அந்நாவலால் நாடெங்கும் இளைஞர் மூட்டை தூக்கி மலையேறினர் என்பார்கள். அந்தப் பரபரப்பில் ஸ்நைடர் அங்கே இல்லை. 1956 மே மாதமே ஜப்பானுக்குக் கப்பலேறிவிட்டார்.

1956 என்றதும் நம் வாசகர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அதே ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு தம்மத்தைத் தழுவினார். ஒரே ஆண்டில் உலகின் இரு மூலைகளிலிருந்து இரண்டு வழிகள் புத்தரை நோக்கிச் சென்றன. ஒரு வழியில் ஒரு மனிதர் தாம் இருந்த இடத்தை விட்டுத் தனியே புறப்பட்டார். மற்றொரு வழியில் ஒரு மக்கட்கூட்டம் தன்னை வைத்திருந்த இடத்தை விட்டு எழுந்தது. பெரியவர் கேட்ட கேள்வி இவ்விரண்டுக்கும் இடையில்தான் நிற்கிறது.

கியோட்டோ நகரில் முதலில் ஷோகொகுஜி மடத்திலும், பிறகு டைடோகுஜி மடத்தில் ஓடா செஸ்ஸோ என்னும் ஆசாரியரிடமும் ஸ்நைடர் ஜென் தியானம் பயின்றார். இடையிடையே நாடு திரும்பியும், 1957-58-இல் எண்ணெய்க் கப்பலொன்றின் எந்திர அறையில் வேலை பார்த்தும், 1966-இல் ஆசாரியர் மறையும் வரை அப்பயிற்சியை விடவில்லை. 1961-62-இல் இலங்கை வழியாக நம் நாட்டுக்கும் வந்து போதகயை முதலிய இடங்களைக் கண்டார். தர்மசாலையில் தலாய் லாமாவைச் சந்தித்தார்.

ஜென் மடங்களில் உடலுழைப்புத் தியானத்தின் ஒரு பகுதி. இதற்கு மூலமாகச் சீன ஆசாரியர் பாய்ச்சாங்கைக் காட்டுவார்கள். 814-இல் மறைந்தவர். முதுமையிலும் அவர் வயலில் இறங்குவதைப் பொறாத சீடர்கள் அவருடைய கருவிகளை ஒளித்து வைத்தனராம். வேலை செய்யாத அன்று அவர் உண்ணவும் மறுத்துவிட்டார். கருவிகளைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிரச் சீடர்களுக்கு வேறு வழியில்லை. இக்கதை நமக்கு மிகவும் பிடித்ததே. ஆயினும் பெரியவரின் கேள்வியை எதிரே வைத்துக்கொண்டு பார்த்தால் இதிலும் ஒன்று புலப்படும். அம்மண்வெட்டி பாய்ச்சாங் கேட்டு வாங்கிய மண்வெட்டி. சீடர்கள் ஒளித்து வைத்தார்களே தவிர, ஒருவரும் அதை அவர் கையில் திணிக்கவில்லை.

அதே கியோட்டோவைப் பார்ப்போம். மடத்துக்குள் பிக்கு கழிப்பிடம் கழுவினால் அது பயிற்சி. மதிலுக்கு வெளியே புராக்கு என்னும் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகள் இருந்தன. தோல் பதனிடுதலும் இறந்த விலங்குகளை அகற்றுதலும் அம்மக்களின் பரம்பரைத் தொழில். அத்தொழிலாலேயே அவர்களைத் தீட்டுடையோர் என்றது அந்நாடு. 1871-இல் சட்டம் அவ்விழிவை நீக்கிற்று. மனம் நீக்கவில்லை. ஆகவே 1922 மார்ச்சில் அம்மக்கள் தங்கள் சமத்துவ இயக்கத்தை இதே கியோட்டோவில்தான் தொடங்கினர். அவர்களுள் இறந்தவர்களுக்குச் சில பௌத்தக் கோயில்கள் இழிவு தோன்றும் மரணப் பெயர்களைச் சூட்டி ஏட்டில் எழுதிவைத்த வெட்கக்கேடும் உண்டு. பௌத்தர்கள் செய்ததால் இதை நாம் மறைக்கக்கூடாது. ஒரே நகரம், ஒரே தம்மத்தின் பெயர், ஏறக்குறைய ஒரே வேலை. ஒருவனுக்கு அது பயிற்சியாகவும் மற்றவனுக்கு அது களங்கமாகவும் ஆவானேன்?

விடை வேலையில் இல்லை. பிக்குவின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தது அவனுடைய சம்மதம், நாளை வேறொருவன் அதை எடுப்பான், மடத்தலைவனும் எடுப்பான். புராக்கு மகனின் கையில் அதைக் கொடுத்தது அவன் பிறப்பு. சாதி என்பது தொழிலைப் பிரிப்பதோடு நில்லாமல் தொழிலாளரையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்று 1936-இல் டாக்டர் அம்பேத்கர் காட்டினார். மலையில் ஸ்நைடர் செய்த வேலை கடினமானது, கூலி குறைந்தது, சிலபோது உயிருக்கும் ஆபத்தானது. ஆனால் அவருக்கு ஒரு வேலை மறுக்கப்பட்டபோது இன்னொரு வேலைக்குப் போனார். அதையும் விட்டுக் கல்லூரிக்குப் போனார். கல்லூரியை விட்டு மடத்துக்குப் போனார். ஒவ்வோர் இடத்திலும் கருவியைக் கீழே வைக்கும் உரிமை அவரிடம் இருந்தது. அவ்வுரிமை இருந்ததால்தான் அக்கருவியை அவரால் நேசிக்கவும் முடிந்தது என்று நாம் கருதுகிறோம்.

இதைக் கவிஞர் அறியாதவரல்லர். ரிப்ராப் நூலிலேயே குதிரைகளுக்கு வைக்கோல் ஏற்றி வரும் ஒரு முதியவரைப் பற்றிய சிறு கவிதை இருக்கிறது. இளமையிலேயே வேண்டாம் என்று எண்ணிய ஒரு வேலையில் ஆயுள் முழுவதும் கழிந்துபோனதை, நடுப்பகல் உணவு வேளையில், அம்முதியவர் தம் வாயாலேயே சொல்கிறார். கவிஞர் அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. ஆறுதல் கூறவில்லை, 'உழைப்பே தியானம்' என்று உபதேசிக்கவுமில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்டு விலகி நிற்கிறார். அடுத்த கோடையில் தாம் அங்கே இருக்கமாட்டோம், அம்முதியவர் இருப்பார் என்பது அவருக்குத் தெரியும். அவரைப் புகழ்ந்து எழுதும் பலர் கோடரியையும் மலையையும் பாடுகிறார்கள், இம்முதியவரை மறந்துவிடுகிறார்கள். நம் வாசக வட்டத்தில் அன்று நிகழ்ந்த உரையிலும் அவர் வரவில்லை.

1961-இல் வெளியான ஒரு கட்டுரையில் ஸ்நைடர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். வரலாற்றில் பௌத்த நிறுவனங்கள் தம்மைப் போற்றிய அரசுகளின் கொடுமையையும் ஏற்றத்தாழ்வையும் கண்டும் காணாதிருந்தன என்று கடிந்தார். மேலைநாடு தந்த சமுதாயப் புரட்சியும் கீழைநாடு தந்த அகநோக்கும் ஒன்றின்றி மற்றொன்று நிறைவடையாது என்பது அவர் வாதம். மடத்தில் பயின்றுகொண்டிருக்கும்போதே மடங்களைப் பற்றி இவ்வாறு எழுத நெஞ்சுரம் வேண்டும்.

எனினும் ஓரிடத்தில் நாம் அவரோடு முழுதும் சேர்ந்து நடக்க இயலவில்லை. அவர் நாடு திரும்பியபின், 1970-இல், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையடிவாரக் காட்டில் நண்பர்களோடு சேர்ந்து தம் கையாலேயே ஒரு வீடு கட்டினார். ஜப்பானியக் குடியானவர் வீட்டையும் அமெரிக்கப் பழங்குடியினர் கூடத்தையும் கலந்த அமைப்பு. அங்கே வளரும் ஒரு செடியின் பழங்குடிப் பெயரான 'கிட்கிட்டிஸ்ஸி' என்பதையே வீட்டுக்கும் இட்டார். தொடக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கும் விறகடுப்பும்தான். காட்டில் நிலைத்து வாழ்வதே மனிதன் கற்கவேண்டிய பாடம் என்று பல நூல்களில் எழுதினார். 1974-இல் வந்த 'ஆமைத் தீவு' என்னும் தொகுதிக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அவ்வெழுத்தின் அழகை நாம் மறுக்கவில்லை. காடுகள் அழியும் இக்காலத்தில் அதன் தேவையையும் மறுக்கவில்லை. ஆனால் ஊருக்குப் புறத்தே மண்ணெண்ணெய் விளக்கொளியில் வாழ்வது அவர் விரும்பி மேற்கொண்ட நெறி. நம் முன்னோருக்கோ அது ஊரார் கிழித்த எல்லைக்கோடு. எளிமையைப் பாடும் நூலை நம் இளைஞர் படிக்கும்போது இவ்வேறுபாடு அவர்கள் கண்ணிலிருந்து மறையலாகாது.

1950-இல் மகாபோதி இதழில் எழுதிய கட்டுரையில், ஒரு மதம் வறுமையைப் புனிதமாக்கக்கூடாது என்று டாக்டர் அம்பேத்கர் நிபந்தனை வைத்தார். உடையவன் தன் உடைமையைத் துறந்தால் அது பேறாகலாம். இல்லாமை ஒருநாளும் பேறாகாது என்பது அவர் கருத்து. இதைச் சிலர் துறவுக்கு எதிரான பேச்சு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. துறவு என்ற சொல்லுக்கே பொருள் வேண்டுமானால் துறப்பதற்கு ஏதாவது கையில் இருக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. சித்தார்த்தரிடம் அரண்மனை இருந்தது. ஸ்நைடரிடம் அரண்மனை இல்லை. ஆனால் எந்தக் கதவும் அவர் பிறப்பைக் கேட்டு மூடப்படவில்லை. அதுவும் ஒரு செல்வமே. உடையவர்களுக்கு அது செல்வம் என்று தோன்றுவதில்லை.

புத்தர் இவ்விஷயத்தில் என்ன செய்தார் என்பதற்குச் சுனிதரின் வரலாறு சான்று. வாடிய பூக்களையும் குப்பையையும் வாரிக்கொட்டும் இழிதொழிலில் பிறந்தவர் சுனிதர். பகவான் எதிரே வருவதைக் கண்டு ஒதுங்கி நின்றார். அவரைப் பார்த்துப் புத்தர், 'உன் தொழில் உயர்ந்தது, இதை ஒரு தவமாகச் செய்' என்று சொல்லவில்லை. வா என்று அழைத்தார். சுனிதர் சுமையைக் கீழே வைத்தார், பிக்குவானார். பிறகு பிக்குவான சுனிதர் விகாரை முற்றத்தைப் பெருக்கியிருக்கலாம். பிக்குகள் தங்கள் இடத்தைத் தாமே பெருக்கவேண்டும் என்று விநயம் விதிக்கிறது. பெருக்கியிருந்தால், முன்பு பிடித்ததும் துடைப்பம், பின்பு பிடித்ததும் துடைப்பம். ஆனால் பின்பு அவரருகே சாக்கிய குலத்து இளவரசரும் ஒரு துடைப்பத்தோடு நின்றிருப்பார்.

ஆகவே முறைவைத்துப் பெருக்கும் யோசனையை நாம் முற்றிலும் தள்ளிவிடவில்லை. ஜென் மடத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. 'எல்லோரும்' என்பதே அது. ஸ்நைடர் தம் பிற்கால நூலொன்றில், பிள்ளைகளை எழுப்பி வண்டியிலேற்றிப் பள்ளிக்கு அனுப்புவதும் புத்தமண்டபத்தில் சூத்திரம் ஓதுவதும் ஒரே பயிற்சி என்று எழுதுகிறார். குடும்பத்தாருக்கு இது நல்ல மருந்து. ஆனால் நம்மில் எத்தனை வீடுகளில் அந்த முதற்பாதிப் பயிற்சி முழுவதும் பெண்கள் பங்குக்கும், சூத்திரம் ஓதும் பிற்பாதி ஆண்கள் பங்குக்கும் ஒதுங்கிவிட்டது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பிறப்பால் ஒதுக்கிய தொழிலை எதிர்த்து மதம் மாறிய நாம், அடுப்பங்கரையில் அதே ஒதுக்கீட்டை வைத்துக்கொண்டிருப்பது சரியா? இதற்கும் ஸ்நைடருக்கும் தொடர்பில்லை என்று சிலர் சொல்லலாம். பெரியவரின் கேள்விக்குத் தொடர்புண்டு.

சென்ற மாதம் சங்கக் குழு கூடி ஒரு முறைப்பட்டியல் எழுதிற்று. தலைவர், செயலாளர், பட்டதாரிகள், கடைக்காரர் என்று ஒருவர் விடாமல் பெயர் போட்டோம். பெரியவரின் பெயரை மட்டும் எழுதவில்லை. முப்பத்தோராண்டு பெருக்கியவர் இனிப் பெருக்கவேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஞாயிறன்று அவர் வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். தம் பெயர் இல்லாததற்கு ஒன்றும் சொல்லவில்லை. பதினொன்றாம் பெயரில் விரலை வைத்தார். வங்கியில் எழுத்தராக இருக்கும் அவருடைய மகனின் பெயர் அது.

"இவனை யார் கேட்டு எழுதினீர்கள்?" என்றார்.

நாம் கேட்கவில்லை. அப்பெயரை அவரெதிரிலேயே அடித்தோம். மற்றப் பெயர்களைப் பார்த்தபோது, அவர்களில் ஒருவரையும் கேட்டு எழுதவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வரும் ஞாயிறன்று பட்டியல் வெறுந்தாளாக மேசைமேல் வைக்கப்படும்.